சரிவில் பார்த்த எண்ணெய்

கல் பாவிய மேட்டுத் தெருவில், வீட்டு மதிலை ஒட்டித் தன் பழைய கத்ரேல் காரை நிறுத்திவிட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள் பகூலி. காலையின் முதல் சவாரியை ரயிலடியில் இறக்கிவிட்டு வந்திருந்தாள். ஜூலை மாதத்து மூடுபனி மடகாஸ்கர் தலைநகர் அண்டனானரீவோவின் மேடுகளை விட்டு இன்னும் இறங்கவில்லை. எதிர்வீட்டுக் கூரை மட்டும் தெரிந்தது, வீடு தெரியவில்லை.

என்ஜினை அணைத்தாயிற்று. சாவி அவள் கையில் இருந்தது.

முனகல் மட்டும் நிற்கவில்லை.

காரின் மூக்குக்குள்ளிருந்து, தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுபோல் மெதுவாக வந்தது அது. பிறகு அடங்கியது. சூடு ஆறும் இரும்பு சத்தம் போடத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வாசற்படியில் அவள் கொழுந்தன் ஹெரி உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். பிறர் வீட்டுக் காப்பி அவனுக்கு எப்போதும் இனிக்கும்.

"கேட்டுச்சா அண்ணி?"

"எது?"

"அண்ணன் குரல்."

"கியர் பெட்டி குரல் அது. வயசான வண்டி முனகத்தான் செய்யும். உங்கம்மா முழங்கால் கூடத்தான் முனகுது, அதுக்குப் பேயா பிடிச்சிருக்கு?"

ஹெரி சிரிக்கவில்லை. எழுந்து வந்து, காப்பிக் குவளையை காரின் முன்மூடி மேல் வைத்தான். "அண்ணன் கனவுல வந்தாரு. குளிருதுன்னாரு. என் வண்டியைக் கொடுங்கன்னு கேட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை கல்லறை திறந்து, செத்தவங்களுக்குப் புதுத்துணி போர்த்தப் போறோம். பெரியவங்க முன்னாடி சாவியை வெச்சிடு. வண்டியை நான் பாத்துக்கறேன்."

"கேட்டது உங்கண்ணன். நடுவுல நீ எங்கேர்ந்து வந்தே?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். செத்தவர்கள் கனவில் வந்து குளிருது என்று சொன்னால் அந்த ஊரில் யாரும் அதைத் தட்டிக்கழிக்க மாட்டார்கள். அதிலும் வண்டியே முனகிக் காட்டும்போது பெரியவர்கள் ஹெரி பக்கம்தான் சாய்வார்கள். சாவி போனால் அவள் பழையபடி மேட்டின் அடிவாரத்தில், துவைக்கும் தொட்டியில், ஊரார் துணியை அடிக்கப் போக வேண்டியதுதான். கணவன் நைவோ போன பிறகு, டாக்ஸி நிறுத்தத்தில் அத்தனை ஆண்களும் வாய்விட்டுச் சிரிக்க, அவர்கள் கண்ணெதிரே ஓட்டிப் பழகிய வண்டி இது. அதை யாருடைய கனவுக்கும் அவள் தருவதாக இல்லை.

"எண்ணெய் குறைஞ்சா கியர் பெட்டி முனகும். அவ்வளவுதான்" என்றாள்.

"எண்ணெயா? நேத்துகூடப் பாத்தியே. மூடியைத் திருகினதும் நிறைஞ்சு வழியுதுன்னு நீதானே சொன்னே?"

வழிந்தது உண்மைதான். இத்தனை நாளும் ஒவ்வொரு முறையும் வழிந்தது. காரின் முன்மூடியைப் பார்த்தாள்.

குவளையில் காப்பி ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. மறுபக்கம் குவளையின் உள்சுவர் பாதிவரை காய்ந்து தெரிந்தது.

பகூலி குனிந்து காரின் அடியைப் பார்த்தாள். கியர் பெட்டியின் திருகுமூடி பக்கவாட்டில் இருந்தது. அந்த இடத்தில் தெரு பக்கவாட்டிலும் சரிந்திருந்தது, மூடி இருந்த அதே பக்கமாக.

நைவோ எண்ணெய் பார்ப்பது அடிவாரத்தில், துவைக்கும் தொட்டி அருகே. அந்தப் பேட்டையில் சமதரை அங்கே மட்டும்தான் உண்டு. அவன் போனதிலிருந்து அவள் அங்கே போகாமல், வீட்டு வாசலிலேயே, இந்தச் சரிவிலேயே பார்த்து வந்திருக்கிறாள். எண்ணெய் முழுக்க மூடிப் பக்கம் சாய்ந்து, நிறைந்ததுபோல் வழிந்து ஏமாற்றியிருக்கிறது. தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

உள்ளே போய் கியர் எண்ணெய் பாட்டிலை எடுத்து, குளிரில் இறுகியது இளகட்டும் என்று தோளில் போர்த்தியிருந்த போர்வைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"தொட்டிக்கு."

ஹெரியின் முகம் மாறியது. "அங்கேயா? அங்கதானே அண்ணன்..."

"அங்கதான் தரை சமமா இருக்கு. நீ படிக்கட்டு வழியா வா. எண்ணெய் ஊத்தின பிறகும் முனகுச்சுன்னா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம். சாவியை இன்னிக்கே வாங்கிக்கோ."

அந்த இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எல்லா டாக்ஸிக்காரர்களும் என்ஜினை அணைத்துவிட்டு, கியரை எடுத்துவிட்டு, வண்டியை உருளவிடுவார்கள். நைவோவும் அப்படித்தான். ஒரு நாள் பாதி வழியில் அவன் நெஞ்சு நின்றுவிட்டது. வண்டி சத்தமில்லாமல் உருண்டு வந்து தொட்டி மதிலில் உராய்ந்து நின்றது. அங்கே சோப்புக் கையோடு நின்ற பகூலிதான் முதலில் ஓடினாள். கியர் கம்பியிலிருந்து அவன் கையைப் பிரித்தெடுக்க முடியவில்லை.

அவள் என்ஜினை அணைக்கவில்லை. இரண்டாவது கியரில் இறங்கினாள்.

பனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. முனகல் மறுபடி ஆரம்பித்தது. வண்டிக்குள் ஒரு நாற்றம் பரவியது. அழுகின முட்டை போன்ற பழைய கியர் எண்ணெய் நாற்றம். கியர் பெட்டி மூடித்தான் இருந்தது.

குடைக் கைப்பிடிபோல் டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கியர் கம்பி வழுக்கிக்கொண்டு கியரை விட்டு வெளியே வந்தது. தள்ளிப் போட்டாள். மறுபடியும் வந்தது. எண்ணெய் இல்லாத வண்டி இப்படித்தான் செய்யும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாம் முறை அது வழுக்கவில்லை.

மெதுவாக, பழகின கை ஒன்று இழுப்பதுபோல் வந்தது. கடைசியில் இடப்பக்கமாக ஒரு சின்னத் திருகல்.

நைவோவின் திருகல்.

பிறகு சாவி தானாகத் திரும்பத் தொடங்கியது.

பகூலிக்கு பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. ஒரு கையால் சாவியை இறுக்கினாள், முழங்கையால் ஸ்டியரிங்கை அழுத்தினாள், மறுகையால் கம்பியை உள்ளே தள்ளினாள். கம்பி ஐஸாகக் குளிர்ந்தது.

"நீ அணைச்சுட்டு இறங்கினது போதும் நைவோ" என்றாள் தாழ்ந்த குரலில். "இப்ப ஓட்டறது நான்."

சாவியில் இருந்த இழுப்பு விட்டுப்போயிற்று.

தொட்டியருகே ஆள் இல்லை. குளிருக்கு பயந்து துவைக்கிறவர்கள் யாரும் இன்னும் இறங்கவில்லை. மதிலின் வடகிழக்கு மூலையில் காரின் பழைய பெயின்ட் கீறல் அப்படியே இருந்தது. புதிதாக எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் முதல் சொட்டை வடகிழக்கில், முன்னோருக்கு ஊற்றுவது வழக்கம். கியர் எண்ணெய் பாட்டிலைத் திறந்தால்கூட நைவோ அதைச் செய்யாமல் விட மாட்டான்.

பகூலி அந்த மூலையைப் பார்த்தாள். "இன்னிக்கு முதல் பங்கு கியர் பெட்டிக்கு" என்று சொல்லிவிட்டு, சாக்கை விரித்துக் காருக்கடியில் படுத்தாள்.

ஸ்பேனரைப் போட்டு மூடியைத் திருகினாள். ஒரு சொட்டும் வழியவில்லை. ஓட்டைக்குள் ஆள்காட்டி விரலை விட்டுக் கீழ்நோக்கி வளைத்தாள். எண்ணெய் தட்டுப்படவில்லை. விரலை முழுவதும் நுழைத்தாள். அப்போதும் இல்லை. அவள் நினைத்தது சரிதான். இருட்டில் படுத்தபடியே சிரித்துவிட்டாள்.

அப்போது உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அவள் விரலைச் சுற்றி வளைந்தது.

இன்னொரு விரல்.

இறுக்கமாக இல்லை. சந்தைக் கூட்டத்தில் கைகோர்த்து நடக்கக் கூச்சப்பட்டு, ஒற்றை விரலை மட்டும் மாட்டிக்கொண்டு வருவான் நைவோ. அதே பிடி. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை நாளும் அழாததெல்லாம் சேர்ந்து வந்தது.

"விடு. வேலை இருக்கு."

விடவில்லை.

"வண்டி என்னுது. உன் தம்பிக்கும் இல்லே, உனக்கும் இல்லே." குரல் உடைந்தாலும் அவள் நிறுத்தவில்லை. "குளிருதுன்னா வந்து உக்காரு, வேணாங்கல. ஆனா ஸ்டியரிங் பக்கம் வரக் கூடாது. சாவியைத் தொடக் கூடாது."

தொட்டியில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

பிடி மெல்லத் தளர்ந்தது.

அவள் விரலை உருவிக்கொண்டு, பாட்டிலின் குழாயை ஓட்டையில் நுழைத்து அமுக்கினாள். எண்ணெய் கெட்டியாக, சோம்பலாக இறங்கியது. பாட்டில் ஏறக்குறைய காலியான பிறகுதான் ஓட்டையின் விளிம்பில் ஒரு மெல்லிய கோடு வழிந்தது. மூடியை இறுக்கினாள், கையைத் துடைத்தாள்.

ஹெரி மூச்சிரைக்கப் படிக்கட்டிலிருந்து இறங்கி வந்தான். "ஊத்திட்டியா?"

"ஏறு. மேலே போய்ப் பாத்துடலாம்."

அவன் முன்பக்கக் கதவைத் திறந்தான். ஒரு காலை உள்ளே வைக்கப் போனவன் அப்படியே நின்றான். காலை எடுத்தான். கதவை, தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவதுபோல் சாத்தினான். பின்பக்கம் போய் ஏறி, மூலையில் ஒடுங்கிக்கொண்டான்.

"அண்ணி..." என்று கிசுகிசுத்தான். "முன்னால..."

"தெரியும். பின்கதவையும் நல்லா சாத்து."

வண்டி மேடேறியது. கியர் பெட்டியில் ஒரு முனகல் இல்லை. பாதி மேடு தாண்டியதும் பகூலி கண்ணாடி வழியே பின்னால் பார்த்தாள்.

"கனவுல கேட்டாருன்னு சொன்னியே ஹெரி. இப்ப நேர்லயே கேட்டுக்கோ, வண்டி யாருக்குன்னு."

ஹெரியின் பார்வை முன்சீட்டின் முதுகை விட்டு நகரவில்லை.

செங்குத்தான வளைவு வந்தது. முதல் கியருக்கு மாற்ற அவள் கை நீட்டினாள். கை போய்ச் சேருமுன்பே கம்பி தானாக, அந்தச் சின்னத் திருகலோடு, அசைந்தது.

"கையை எடு" என்றாள் பகூலி.

பக்கத்துச் சீட்டின் பழைய ஸ்பிரிங் ஒருமுறை முனகியது. அந்த முனகல் கதவுப் பக்கமாக நகர்ந்து அடங்கியது.