ஆவிமேட்டுச் சத்தம்

"மேடம், எங்க வூட்டுத் தரைக்கு அடியில யாரோ முனகுறாங்க. நாளைக்குள்ள வூட்ட எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பச் சொல்றாரு கொழுந்தனாரு."

பொம்மிடியில் முகவரி படித்துப் படித்தே தலை நரைத்த சகாயமேரி, போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கலைமதி நீட்டிய பழுப்புத் தாளை நிதானமாக வாங்கினார். கணவன் இறந்து மூன்று மாதமாகக் கலைமதி அந்த வீட்டில் தனியாக இருந்தாள். தாள், காலமான அவள் மாமனார் எழுதியதாம். கொழுந்தன் சின்னராஜ் பழைய பெட்டியில் கண்டெடுத்தானாம்.

'1961. இந்த ஆவிமேட்டு வீட்டுக்கு அடியில் ஏழு பிணம் இருக்கிறது. ஒண்டியாக யாரும் குடியிருக்கக் கூடாது.'

"பேரே ஆவிமேடு! வேற சாட்சி எதுக்கு மேடம்?" என்றார் முன்னாள் தபால்காரர் பக்ருதீன். துப்புத் துலக்குவதில் அவருக்கு ஆசை அதிகம், தைரியம் கம்மி.

"ஊர்ப் பேரைக் கூண்டுல ஏத்தினா பொய்யும் சொல்லும் பாய். ஏம்மா, மாமனார் எழுதினது வேற இருக்கா?"

"மிலிட்டரியிலிருந்து மாமியாருக்குப் போட்ட கார்டு ஒண்ணு இருக்குங்க."

மாலையில் மூவரும் கலைமதி வீட்டுக்குப் போனார்கள். கொல்லையில் வாழைக்குத் தோண்டிய குழியில் மண் செங்கல் நிறத்தில் வெந்திருந்தது. கரியும் பானை ஓடுகளும் கிடந்தன. உள்ளே நுழைந்தபோது தூரத்தில் சரக்கு ரயில் போனது. காலடியில், அடைத்த தொண்டையிலிருந்து வருவதுபோல ஒரு முனகல். பக்ருதீன் நாற்காலிமேல் ஏறிவிட்டார். கடைசிப் பெட்டி கடந்ததும் சத்தம் நின்றது.

சின்னராஜ் பத்திரத்தோடு வந்தான். "கையெழுத்துப் போடுங்க அண்ணி. உங்க நல்லதுக்குத்தான்."

"ஊர்ப் பேர் எப்படி மாறும் தெரியுமா தம்பி?" என்றார் சகாயமேரி. "அர்த்தம் தெரிஞ்சவங்க போயிடுவாங்க, சத்தம் மட்டும் தங்கிடும். இங்க தெலுங்கு பேசறவங்க பானை செஞ்சாங்க. அவங்க பேச்சுல ஆவம்னா பானை சுடுற சூளை. அதனால ஆவமேடு. அவங்க போனப்புறம் வந்தவங்களுக்கு அது புரியல. எண்பத்தெட்டுல பஸ் ஸ்டாப் போர்டு எழுதினவர் தனக்குத் தெரிஞ்ச வார்த்தைய வச்சு ஆவிமேடுன்னு எழுதிட்டார்."

"அப்ப முனகறது?" என்றார் பக்ருதீன், நாற்காலியை விட்டு இறங்காமலே.

"சரியா வேகாம ஒதுக்கின பானைங்க வெறும் வயித்தோட புதைஞ்சிருக்கு. ரயில் அதிர்வுல ஊதுது."

மிலிட்டரியிலிருந்து வந்த கார்டைச் சகாயமேரி மேசையில் வைத்தார். 1961 முத்திரை. முகவரி: ஆவமேடு, பொம்மிடி.

"இது உங்கப்பா எழுதினது. அதே வருஷத்துத் தாள்ல மட்டும், இருபத்தேழு வருஷம் கழிச்சு வரப் போற தப்ப அவர் எப்படித் தம்பி எழுதினார்? ஆவிமேடுங்கறது நீங்க போர்டுல படிச்சு வளர்ந்த பேரு."

சின்னராஜ் பத்திரத்தை மடித்தான். "அண்ணனே போயிட்டாரு. ஒரு ஆளுக்கு இத்தன பெரிய வூடு எதுக்குன்னுதான்..." என்று முனகிக்கொண்டே வெளியேறினான்.

"கவலைய விடும்மா. இனி யாரும் உன்ன அசைக்க முடியாது" என்றார் சகாயமேரி.

கலைமதி தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"அப்ப அது எங்க வூட்டுக்காரரு இல்லீங்களா? பயந்துகிட்டு நான் வரலீங்க மேடம். நான் போயிட்டா அவரு கூப்பிடறப்ப ஏன்னு கேக்க இங்க ஆள் இருக்காதேன்னுதான் வந்தேன்."

எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்த சகாயமேரி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வீடு இப்போது கலைமதிக்கு மட்டும்தான்.