பட்டன் உதைத்தால் விளக்கு எரியும்

"இடது!" என்று கத்தினார் அப்பா.

"எரியுதுப்பா! ஆனா வலதும் சேர்ந்து எரியுது!" என்று பின்னாலிருந்து கத்தினாள் மாரிட்.

"சரி, வலது!"

"இப்போ ரெண்டும் மின்மினிப் பூச்சி மாதிரி மினுக்குது!"

"பிரேக்!"

"எல்லாமே அணைஞ்சு போச்சு!"

சிவப்பு பிக்கப் வண்டியின் ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே நீண்டது. அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. அப்பா டெல்மர் வெளிக் கைப்பிடியைத் திருகி, கதவைத் தோளால் ஓர் இடி இடித்து இறங்கினார்.

மாரிட் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே பிறந்த வண்டி அது. பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும். ரேடியோ, வண்டி இடது பக்கம் திரும்பும்போது மட்டும் பாடும். இருந்தாலும் அமெரிக்க மாநிலமான வடக்கு டகோட்டாவின் குளிரில், புது வண்டிகளெல்லாம் முனகிக்கொண்டு கிடக்கும் காலை நேரத்தில், இது மட்டும் இரண்டு தும்மல் போட்டுவிட்டுக் கிளம்பிவிடும். மாரிட்டுக்கு அதில் அவ்வளவு பெருமை.

அதைவிடப் பெருமை அப்பாவைப் பற்றி. வண்டியின் வியாதிகளை அவர் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். சாவியைத் திருப்பும்போது 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்டால் ஸ்டார்ட்டரில் கோளாறு. 'டக்டக்டக்' என்று படபடத்தால் பேட்டரியில் சக்தி இல்லை. கிளம்பும்போது கீச்சென்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. வண்டிக்குள் தித்திப்பாக ஒரு வாசனை வந்தால், ஹீட்டரில் எங்கோ இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் ஒழுகுகிறது.

ஆனால் விளக்கு எந்தச் சத்தமும் போடுவதில்லையே! அதுதான் இன்றைக்கு அப்பாவுக்கு வந்த சிக்கல்.

வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டியிருந்த டிரெய்லருக்குள் பட்டன் நின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் வட்டமான வெள்ளைப் பொட்டு வைத்த பழுப்பு நிறக் கிடாரிக் கன்று. பனிப்புயல் அடித்த நாளில் பிறந்தவள். அந்த வாரம் முழுக்க அவளைச் சமையலறையில் வைத்து, புட்டியில் பால் கொடுத்து வளர்த்தது மாரிட்தான். இன்று மாவட்டக் கண்காட்சி. கன்றுகளைக் கொண்டுவந்து சேர்க்க மாலை ஆறு மணி வரைதான் நேரம். அம்மா தன் பழக் கேக்குகளோடு காலையிலேயே அங்கே போய்விட்டாள்.

இப்போதே மூன்றரை மணி.

"இப்படியே போயிடலாமேப்பா. பகல்தானே?"

"முடியாது கண்ணு. ஹைவேல தானிய லாரிங்க பறந்து வரும். நாம பிரேக் போடுறது பின்னால வர்றவனுக்குத் தெரியலேன்னா, முதல்ல அடிபடப் போறது யாரு? பட்டன்தான்."

மாரிட் மறுபடி டிரெய்லருக்குப் பின்னால் போய் நின்றாள்.

அப்பா பல்புகளை மாற்றினார். ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். வண்டிக்கு அடியில் புகுந்து வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இடது, வலது, பிரேக். மறுபடியும் இடது, வலது, பிரேக். விளக்குகள் ஒழுங்குக்கு வருவதாக இல்லை.

கடைசியில் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த வண்டிக்கு வயசாயிடுச்சு மாரிட். வயரெல்லாம் உள்ளுக்குள்ளயே இத்துப் போயிருக்கும். அடுத்த வருஷம் பாத்துக்கலாமா?"

"அடுத்த வருஷம் பட்டன் பெரிய மாடாயிடுவாளே! கன்றுப் போட்டியில சேர்க்க மாட்டாங்களேப்பா."

அப்பாவுக்கும் அது தெரியும். அதனால்தான் அவர் குனிந்து காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஒரு ஈ பட்டனைக் கடித்திருக்க வேண்டும். டிரெய்லருக்குள் டமார் என்று ஓர் உதை.

அணைக்காமல் விட்டிருந்த டிரெய்லரின் பின்பக்க விளக்குகள் இரண்டும் பளிச்சென்று எரிந்து, மறுபடி மங்கின.

மாரிட் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "பட்டன், இன்னொரு தடவை உதை!"

பட்டன் திரும்பிப் பார்த்தாள். வாலை ஆட்டினாள். உதைக்கவில்லை. மாரிட்டே டிரெய்லரின் முன்பக்கத்தில் ஏறிக் குதித்தாள். பளிச்! இறங்கினாள். மங்கல்.

"அப்பா! டிரெய்லரை ஆட்டினா எரியுது! வண்டியில ஒண்ணுமில்லை. டிரெய்லர்லதான் கோளாறு!"

"அதெப்படி? போன மாசம் டிரெய்லர் நல்லாத்தானே இருந்துச்சு? நீ குதிக்கிறப்போ வண்டியும்தான் ஆடுது."

மாரிட் யோசித்தாள். "அப்போ வேற வண்டியில மாட்டிப் பாத்துடலாம். அதுல நல்லா எரிஞ்சா நம்ம வண்டி மேல தப்பு. அதுலயும் எரியலேன்னா டிரெய்லர் மேல தப்பு."

"வேற வண்டிக்கு எங்க போறது?"

மாரிட் சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். எதிர்வீடு ஓர்வில் பெரியப்பாவுடையது. அங்கே ஒரு வெள்ளை பிக்கப் நின்றது. சிவப்பைவிட மூன்றே வயதுதான் இளையது.

அப்பாவின் முகம் கடுகடுத்தது. போன மாதம் தேவாலயத்து விருந்தில், அத்தனை பேர் முன்னால், "டெல்மர் வண்டிக்குள்ள கோழி வளர்க்கலாம். அதுவாச்சும் பிரயோஜனமா இருக்கும்" என்று பெரியப்பா சொல்லியிருந்தார். "உன் வண்டியில கோழிகூட ஏறாது" என்று அப்பா சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. முன்பின் தெரியாத ஆள் எதிரே வந்தால்கூட ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்கிற ஊர் அது. இவர்கள் இருவரும் அந்த ஒரு விரலைக்கூடத் தூக்குவதில்லை.

"அவன் வாசலை நான் மிதிக்க மாட்டேன்."

"நீங்க மிதிக்க வேண்டாம்ப்பா. நான் மிதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மாரிட் ஓடினாள்.

பெரியப்பா தன் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரமாக எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்திருக்கிறார் என்பது தரையில் கிடந்த உமியைப் பார்த்தாலே தெரிந்தது.

"பெரியப்பா, உங்க வண்டி வேணும். ஓட்டறதுக்கு இல்லை. டிரெய்லர் வயரைச் சொருகிப் பாக்கறதுக்கு."

"ஓஹோ! என் வண்டியில மாட்டினதும் தீபம் மாதிரி எரியும். உங்கப்பன் வண்டி குப்பைன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்." பெரியப்பா துள்ளிக் குதித்து இறங்கினார். "ஏறு, ஏறு! நேரமாகுதுல்ல!"

வெள்ளை வண்டி சாலையைக் கடந்து வந்து நின்றது.

"உங்கப்பன்கிட்டச் சொல்லு, கொக்கியைக் கழட்டட்டும்" என்றார் பெரியப்பா.

"உங்க பெரியப்பாகிட்டச் சொல்லு, எனக்குக் காது கேக்குதுன்னு" என்றார் அப்பா.

டிரெய்லர் இடம் மாறியது. மாரிட் பின்னால் போய் நின்றாள்.

"இடது!" என்று கம்பீரமாகக் குரல் கொடுத்தார் பெரியப்பா.

"வலதும் சேர்ந்து எரியுது!"

"என்னது? பிரேக்!"

"எல்லாம் அணைஞ்சு போச்சு!"

பெரியப்பா வாயிலிருந்த விதையை அப்படியே விழுங்கிவிட்டார். "ஐயையோ, என் வண்டியும் கெட்டுப் போச்சா?"

அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்.

"ரெண்டு வண்டியும் ஒரே நாள்ல, ஒரே மாதிரி கெடுமா பெரியப்பா? ரெண்டு வண்டியும் நல்ல வண்டிதான்" என்ற மாரிட், டிரெய்லருக்கு அடியில் தலையை நுழைத்தாள்.

வண்டியில் சொருகும் முனையிலிருந்து நான்கு வயர்கள் கிளம்பின. மஞ்சள், பச்சை, பழுப்பு மூன்றும் பின்னால் விளக்கை நோக்கிப் போயின. நான்காவது வெள்ளை வயர் மட்டும் ஒரு முழம்கூடப் போகாமல், டிரெய்லர் சட்டத்தில் ஒரு போல்ட்டோடு நின்றுவிட்டது.

"இந்த வெள்ளை வயர் எங்கயுமே போகலையே?"

"அது எர்த்" என்றார் பெரியப்பா. "விளக்குக்குப் போன கரண்ட் இரும்புச் சட்டம் வழியா வந்து, அதுலதான் வண்டிக்குத் திரும்பணும்."

மாரிட் போல்ட்டைச் சுற்றியிருந்த இரும்பை விரலால் தடவினாள். வழவழவென்றிருந்தது. நீலமாக இருந்தது.

"பெயிண்ட் வழியா கரண்ட் போகுமா பெரியப்பா?"

அப்பா மெதுவாகக் குனிந்து பார்த்தார். கண்காட்சிக்குத் துருப்பிடித்த டிரெய்லரில் மகள் போகக் கூடாது என்று, போன வாரம் இரண்டு நாள் முதுகு ஒடிய நீலம் அடித்தவர் அவர்தான். வயரைக் கழற்றிவிட்டுப் பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் அந்தப் பெயிண்ட் மேலேயே திரும்ப முடுக்கிவிட்டார்.

"நான்தான் கெடுத்திருக்கேன்" என்றார் அப்பா. காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. "வண்டியைத் திட்டிட்டிருந்தேன்."

"ஆனா நீலம் ரொம்ப அழகா இருக்குப்பா. அந்தப் போல்ட் இருக்கற இடத்துல மட்டும் கொஞ்சம் சுரண்டிக்கலாம்."

பெரியப்பா தன் பெட்டியிலிருந்து உப்புத்தாளை எடுத்து மாரிட்டிடம் நீட்டினார். அப்பா ஸ்பேனரால் போல்ட்டைக் கழற்றினார். மாரிட் தேய்த்தாள். நீலம் உதிர்ந்தது. அடியில் இரும்பு வெள்ளிக்காசு போலப் பளபளத்தது. வயரை வைத்து முடுக்கி, டிரெய்லரைத் திரும்பவும் சிவப்பு வண்டியில் மாட்டினார்கள்.

"இடது!"

"இடது மட்டும்!"

"வலது!"

"வலது மட்டும்!"

"பிரேக்!"

"ரெண்டும் ஜம்முனு எரியுதுப்பா!"

மணி ஐந்து. அப்பா சாவியைத் திருப்பினார். சிவப்பு வண்டி இரண்டு தும்மல் தும்மிவிட்டு உறுமியது.

கோதுமை வயல்களுக்கு நடுவே வண்டி ஓடியது. வழியில் மாரிட் திரும்பிப் பார்த்தாள். ஒரு தானிய லாரி மேட்டிலிருந்து வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்கும் டிரெய்லருக்கும் நடுவே, பட்டனுக்குக் காவல் போல, பெரியப்பாவின் வெள்ளை வண்டி வந்துகொண்டிருந்தது. அப்பா பிரேக் போட்டார். வெள்ளை வண்டி வேகம் குறைந்தது. லாரியும் பணிவாக வேகம் குறைந்தது.

கண்காட்சி வாசலில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண், பாதி கேட்டைச் சாத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடடா, இன்னும் ரெண்டே நிமிஷம்! உள்ள வாங்க, உள்ள வாங்க!"

வண்டிகள் கொட்டகை ஓரமாக நின்றன. அப்பா வெளிக் கைப்பிடியைத் திருகி இறங்கினார். மாரிட்டின் மூலமாகச் சொல்லி அனுப்பாமல், நேராகவே போய்க் கேட்டார்.

"அண்ணே, பின்னாலேருந்து பாக்க எப்படி இருந்துச்சு?"

பெரியப்பா தாடையைத் தடவினார். "பின்னாலேருந்து பாத்தா உன் வண்டி கொஞ்சம் அழகாத்தான்டா இருக்கு. உன் மூஞ்சி தெரியல பாரு, அதனால இருக்கும்."

"கோழி வளர்க்கலாமா?"

"பட்டன் ஜெயிச்சா வேண்டாம்."

இருவரும் சேர்ந்து டிரெய்லரின் கதவைத் திறந்தார்கள். மாரிட் கயிற்றைப் பிடித்தாள். பட்டன் சரிவுப் பலகையில் இறங்கினாள். ராட்டினத்தையும் கூட்டத்தையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, தான்தான் எல்லோரையும் பத்திரமாக இங்கே கூட்டி வந்தவள் போலத் தலையை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள்.