மூவருக்கு ஒரு கல்

தேடுகருவியின் திரையில் இரண்டு உருவங்கள் தெரிந்தன. ஒன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

தயாளினி கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டுத் திரையைத் துடைத்துப் பார்த்தாள். லா சப்பல் கடைத்தெருவில் கைத்தொலைபேசி திருத்தும் கடையில் ஒன்பது வருடமாக வேலை செய்பவள் அவள். ஒரு கருவி பிழையாகக் காட்டினால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரும் என்று நம்புகிறவள். இந்தக் கருவியின் வேலையும் எளிதுதான். பனிமலை ஏறுகிறவர்கள் ஆளுக்கொன்றை நெஞ்சில் கட்டிக்கொள்வார்கள். அது விநாடிக்கொரு தடவை ஒரு சமிக்ஞையை அனுப்பிக்கொண்டிருக்கும். பனி சரிந்து ஒருவர் புதைந்துபோனால், மற்றவர் தன் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றுவார். உடனே அது அனுப்புவதை நிறுத்திவிட்டுக் கேட்கத் தொடங்கும். கேட்கும் ஒவ்வொரு சமிக்ஞைக்கும் திரையில் ஒரு சின்ன மனித உருவம், பக்கத்தில் தூரம்.

ஏறுமுன் சோதித்துப் பார்க்கும்படி வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் சொல்லியிருந்தார். சோதித்தாள். முதல் உருவம், இரண்டு மீற்றர். அது சிவப்பு ஜக்கெற்றோடு எதிரே நின்ற தோழி பேர்ளி. இரண்டாவது உருவம், முப்பத்தொரு மீற்றர்.

முப்பத்தொரு மீற்றருக்கு அப்பால் வெறும் பனி. காலை வெயிலில் கண்ணைக் குத்தும் வெள்ளை.

"போன் இடைஞ்சல் செய்யும். உன்ரையை நிப்பாட்டு," என்றாள் தயாளினி. இருவரும் நிறுத்தினார்கள். கருவியின் பற்றறியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தாள். இரண்டு உருவங்கள்.

"யசோதான் நித்திரையாலை எழும்பி ஓடி வாறாள் போல," பேர்ளி சிரித்தாள். அவள் வாயிலிருந்து ஆவி பறந்தது. "விசரி, விட்டுட்டு ஏறு. பின்னேரம் லாராவோடை போனிலை கதைக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன்."

லாரா பேர்ளியின் நாலு வயது மகள். தயாளினியின் அம்மாவோடு லா சப்பலில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பேர்ளிக்கு மலையில் விருப்பமே இல்லை. ஒரு மாதமாகக் கெஞ்சி இழுத்து வந்தவள் தயாளினிதான். பத்திரமாகத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று அந்தப் பிள்ளைக்குக் கைமேல் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

யசோ என்கிற யசோதினியும் இவர்களோடு வருவதாக இருந்தது. மூன்று பேராகப் புறப்பட்டால் போன காரியம் உருப்படாது என்று, தயாளினியின் அம்மா கறிவேப்பிலைச் சாடிக்குள் கிடந்த ஒரு கல்லைக் கழுவி மகளின் பைக்குள் போட்டார். "இப்ப நாலு பேர். போயிட்டு வாங்கோ." ஆனால் கார் து நோர் ரயில் நிலையத்தில் வந்து சேர வேண்டிய யசோதினி வரவில்லை. காய்ச்சலாம். இவர்கள் இருவரும் புறப்பட்டு வந்துவிட்டார்கள். கல்லை எடுத்து வெளியே வைக்க யாருக்கும் நினைவு வரவில்லை.

ஏறினார்கள். ஏப்ரல் மாதப் பனி காலையில் ஓடுபோல இறுகியிருக்கும், மதியத்துக்குள் கஞ்சியாகிவிடும். அதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். தயாளினி சப்பாத்து முனையால் உதைத்துப் படி வெட்டினாள். அதே குழிகளில் கால் வைத்துப் பேர்ளி வந்தாள். இடையிடையே பனிக்கு மேல் துருத்திய பாறைகளைக் கைகளால் பற்றித் தொற்றினார்கள். பனிக்கு அடியில் எங்கோ நீர் ஓடும் சத்தம், ஈரக் கல்லின் மணம், சப்பாத்துகள் பனியை நெரிக்கும் ஓசை. சறுக். பிறகு பேர்ளியுடையது, சறுக்.

பிறகு, மெல்ல, இன்னொன்று.

தயாளினி நின்றாள். எல்லாம் நின்றது. தேடும் நிலையிலேயே விட்டிருந்த கருவியைப் பார்த்தாள். பேர்ளி இரண்டு. மற்றது இருபத்துநாலு.

பனிக்கடியில் குளிர்காலத்தில் புதைந்துபோன யாருடையதாவது இருக்கலாம் என்று அதுவரை தன்னைத் தேற்றியிருந்தாள். பற்றறி தீரும்வரை கருவி அனுப்பிக்கொண்டே இருக்கும் அல்லவா? ஆனால் அவர்கள் ஒரு மணித்தியாலமாக ஏறியிருக்கிறார்கள். புதைந்தவர் கூடவே ஏறி வரமாட்டார்.

"என்னடி, பேயைக் கண்டவள் மாதிரி நிக்கிறாய்?"

"ஒண்டுமில்லை. கிட்ட வா."

சிகரத்திலிருந்து மூட்டம் இறங்கியது. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. தன் முழங்கைக்கு அப்பால் பேர்ளியின் சிவப்பு ஒரு கறையாக மங்கிப்போனது. திரையில் பன்னிரண்டு. தாங்கள் ஏறி வந்த குழிகளைக் குனிந்து பார்த்தாள். இரண்டு பேர் மிதித்ததைவிட ஆழமாக இருந்தன.

ஆறு.

"திரும்புவம் பேர்ளி."

"ஓம், எனக்கும் ஏறினது காணும்."

மூன்று.

அப்போதுதான் முதுகில் அந்தக் கல் உறுத்தியது. பைக்குள் கையை விட்டாள். கல் வெதுவெதுப்பாக இருந்தது. மூவரை நால்வராக்க வைத்த கல். அது ஒரு ஆளின் இடத்தில் நிற்கும் கல். இருவர் சுமந்தால்?

மூன்று பேர்.

ஒரு ஆளுக்கு இடம் வைத்துக்கொண்டு அல்லவா மலை ஏறியிருக்கிறார்கள்!

சரிவை நோக்கி முழுப் பலத்தோடும் எறிந்தாள்.

அது உருண்டது. நீண்ட நேரம் உருண்டது. ஒரு சின்னக் கல் உருளும் சத்தமல்ல அது. பாரமாக, மெத்தென்று, பனியில் துணி உரசுவதுபோல. பிறகு தூரத்தில் தேய்ந்தது.

திரையைப் பார்த்தாள். ஒரேயொரு உருவம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "போயிட்டுதடி, போயிட்டுது!"

"எத்தினை காட்டுது?" பக்கத்திலிருந்து பேர்ளியின் குரல்.

"ஒண்டு."

"அப்பச் சரி."

தூரத்தைப் பார்த்தாள். ஒன்பது. பதினாலு. இருபத்தாறு. அம்புக்குறி கீழே, சரிவைக் காட்டியது. முப்பத்தொன்றில் எண் நின்றது.

மெல்ல நிமிர்ந்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் சிவப்பு ஜக்கெற். அந்த முகத்தின் முன் ஆவி பறக்கவில்லை.

"லாரா பாத்துக்கொண்டிருப்பாள்," என்றது பேர்ளியின் குரல். கையுறை இல்லாத ஒரு கை அவள் கையைப் பற்றியது. அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது. "வா, வீட்டை போவம்."

மூன்று பேராகப் போகக்கூடாது. ஒருவரைக் குறைத்தால் இரண்டு.

இரண்டு பேராக இறங்கத் தொடங்கினார்கள்.