இரண்டாம் வால்வை...

"பாதி வாக்கியம்! மறுபடியும் பாதி வாக்கியம்தான்!"

அவள் மேசையில் ஓங்கிக் குத்தினாள். திரையில் அதே வரி. 'பம்ப் அறையில் வெள்ளம் ஏறினால் இரண்டாம் வால்வை'. அதோடு சரி. திறக்கவா, மூடவா? வினைச்சொல்லை யாரோ லபக்கென்று விழுங்கியது போலிருந்தது.

கீழே, சிக்கிக்கொண்ட இரும்புக் கதவுக்குப் பின்னால் அவள் புருஷன். குடிநீர் நிலையத்தின் ஃபிட்டர். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மேலே இரண்டு வால்வுகள். ஒன்று தண்ணீரை வெளியேற்றும், மற்றது ஆற்றையே உள்ளே விடும். எது எது என்று தெரிந்த இன்ஜினியர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் குறிப்புகளெல்லாம் வேர்ட் கோப்புகள். பேட்டரியில் உயிர் பிடித்திருந்த கிழட்டுக் கம்ப்யூட்டரிலோ வேர்ட் கிடையாது. கோப்பை வெறும் எழுத்தாக மாற்ற அவள் எழுதிய ஸ்கிரிப்ட்தான் இப்படிக் கழுத்தறுத்தது.

சுவர் இன்டர்காம் கரகரத்தது.

"ரெண்டாவதைத் திறக்கச் சொல்லும்மா." புருஷன் குரல்.

"பயமா இருக்குங்க. ஒரே நிமிஷம்..."

"கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டு அழு. நான் இங்க மூச்சு முட்டிச் சாகறேன்."

இருட்டில் ஈரத் துருவின் வாடை குமட்டியது. வராந்தாக் கோடியில், வால்வுகளுக்கு நடுவே நின்ற ஃபோர்மேன் கத்தினார்.

"கம்ப்யூட்டரம்மா! எதைத் திறக்க? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலை தாயே!"

கோப்பைப் பிரித்து அதன் உள்கட்டமைப்பை வரி வரியாக மேய்ந்தாள். பொறி தட்டியது. இன்ஜினியர் பிற்பாடு செய்த திருத்தம் ஒரு தனிக் குறியீட்டு உறைக்குள் இருந்தது. ஸ்கிரிப்ட் உறையைப் பிரிக்காமலே தாண்டிப் போயிருக்கிறது!

"வேணாம்மா," இன்டர்காமில் குரல் கெஞ்சியது. "அந்த உறையைப் பிரிக்காதே."

அவள் இன்டர்காமைத் திரும்பிப் பார்த்தாள்.

உறை என்று அவள் வாய் திறந்து சொல்லவே இல்லை.

ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தாள். ஓட்டினாள்.

'இரண்டாம் வால்வை ஒருபோதும் திறக்காதீர்கள். ஆறு உள்ளே வந்துவிடும்.'

"முதல் வால்வு! ரெண்டாவது பக்கமே போகாதீங்க!"

சக்கரம் கிறீச்சிட்டது. கீழே தண்ணீர் உறுமி, வடிந்தது; அழுத்தம் விட்டதும் கதவும் திறந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில், தொப்பலாக நனைந்து, இருமிக்கொண்டே அவன் வாசலில் வந்து நின்றான்.

உயிரோடு.

அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "ரெண்டாவதைத் திற, திறன்னு ஏங்க என் உயிரை வாங்கினீங்க?"

"நானா? எதுல பேசினேன்?"

"இன்டர்காம்லதான்!"

அவள் முதுகுக்குப் பின்னால் கரகரப்பு.

"ரெண்டாவதைத் திறம்மா..."

அதே குரல். அவன் உதடு அசையவில்லை.

மெல்ல அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பார்வை மட்டும் அவள் நாற்காலியை விட்டு நகரவில்லை.

"கீழ இருந்த இன்டர்காம் பெட்டியை ரிப்பேருக்குன்னு நான்தானே கழட்டினேன்," என்று கிசுகிசுத்தான். "உன் மேசைக்கு அடியிலதான் வெச்சிருக்கேன்."