அப்பாவைக் கொண்டுபோன கிருமி

"புருஷன் ஒண்ணுக்குப் போயிட்டு வந்த கையோட கக்கூஸ்ல குளோரோக்ஸ் பிளீச் ஊத்துறியே... என் தம்பி என்ன தொத்து நோய்க்காரனா? அப்படி என்னடி அருவருப்பு!"

விடிந்தும் விடியாததுமாகத் திலகம் ஆரம்பித்துவிட்டாள். நேற்று மத்தியானம்தான் ஈஜோக்கிலிருந்து புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்தாள். வந்ததும் கண்ணில் பட்டது அதுதான்.

"அவன நான் ஈஜோக்குக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ ஒன் சுத்தத்தோட இரு!"

தனேஸ்வரி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கணவன் முகுந்தன் அவள் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தானே! மூத்திரப்பையில் புற்றுநோய் என்று அக்காவுக்குத் தெரியவே கூடாதாம். தாயில்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் தாங்கமாட்டாளாம். வாரம் ஒரு தடவை மருந்து, நேற்றுக் காலையோடு ஐந்து முடிந்துவிட்டது. வரும் செவ்வாய்க்கிழமை ஆறாவது. அக்கா வீட்டுக்குப் போனால் ஒளித்து மறைத்து ஆஸ்பத்திரிக்குப் போக வழியேது? அது தவறிவிடுமே என்றுதான் அவள் பதறினாள். தன் பேர் கெடுவது அவளுக்குப் பெரிதாகவே இல்லை.

"அவர் எங்கயும் வரமாட்டாருக்கா... என்னைய என்ன வேணும்னாலும் திட்டுங்க."

"பார்த்தியா திமிர!"

அறைக்கதவு திறந்தது. மருந்து தந்த காய்ச்சலில், போர்வையோடு நின்றான் முகுந்தன்.

"போதும்க்கா. அவ வாயக் கட்டுனது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னான். திலகம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்த மருந்து உயிருள்ள கிருமிக்கா. டீபி கிருமியோட வகையறா. வலுவக் குறைச்சு, டியூப் வழியா மூத்திரப்பைக்குள்ள விடுறாங்க. அத விரட்ட ஒடம்பு படை தெரட்டுதாம். அந்தப் படையே புத்துநோயையும் சேர்த்து அடிக்குதாம்! ஒண்ணுக்கோட வெளிய வர்ற கிருமி வீட்ல யாருக்கும் ஆவாதுன்னு, மருந்து விட்டப்புறம் ஆறு மணி நேரத்துக்குக் குளோரோக்ஸ் ஊத்தச் சொன்னதே டாக்டர்தான் லா."

டீபியா! தோட்டத்து லயத்து வீட்டில் அப்பா இருமி இருமிச் செத்த நோயல்லவா அது? கிட்டே போகாதே என்று பத்து வயதுத் திலகத்தை வாசலிலேயே பிடித்து நிறுத்தியிருந்தார்கள். கடைசிவரை அவள் அப்பாவைத் தொடவே இல்லை.

"அப்பாவக் கொண்டுபோன சனியன்... ஒனக்குக் காவல் நிக்குதா தம்பி? ஆண்டவனே, இது என்ன அதிசயம்!"

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தன்னையறியாமல் கைகூப்பினாள். பிறகு தனேஸ்வரி பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு வாரமா ஒத்தையில சுமந்தியாம்மா? நான் பேசின பேச்சுக்கு ஒரு வார்த்த திருப்பிச் சொல்லியிருக்கலாமே..."

"அவர் தலையில அடிச்ச சத்தியம்க்கா..."

மேலே பேசவிடாமல் திலகம் அவளை வாரி அணைத்துக்கொண்டாள். டாக்டர் நோயின் பேரைச் சொன்ன அன்றுகூட அழாத தனேஸ்வரி, நாத்தனாரின் தோளில் முகம் புதைத்து வாய்விட்டு அழுதாள்.