பதினேழாவது ஸ்லைடு

இருபத்து நான்கு ஸ்லைடில் ஒன்றை மறைத்தால் இருபத்து மூன்றுதான் அச்சாக வேண்டும். பிரிண்டர் இருபத்து நான்கையும் துப்பியிருந்தது.

தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி சூடு ஆறாத தாள்களை மறுபடி புரட்டினாள். ஒரு தாளுக்கு மூன்று ஸ்லைடு, பக்கத்தில் குறிப்பெழுத வெறும் கோடுகள். ஒன்பது மணிக்குப் பட்டறை ஆட்கள் நாற்பது பேர் பயிற்சிக்கு வருவார்கள். இப்போது ஏழே முக்கால். மாடியில் ஈ காக்கை இல்லை. ஓடாமல் கிடந்த பட்டறையிலிருந்து கிரீஸும் இரும்புத்தூளும் கலந்த வாடை படிக்கட்டு வழியே மெல்ல ஏறி, பயிற்சி அறையின் நாற்காலிகளுக்கு இடையே வந்து தங்கியிருந்தது.

பதினேழாவது ஸ்லைடில் அவள் எடுத்த புகைப்படம். கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி வலை இல்லாத அழுத்த இயந்திரம், ஓரத்தில் தேதி. அதற்கு ஒன்பதாம் நாள், எல்லோரும் மீசை என்று கூப்பிட்ட ஃபிட்டரின் கையை அந்த இயந்திரம் வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. விசாரணையில், வலை இருந்தது என்று அவள் கையெழுத்துப் போட்டாள். படத்தை அழித்துவிடச் சொன்னார் மேனேஜர். அழிக்க மனசு வராமல் மறைத்து வைத்தாள். பொய்க் கையெழுத்துக்கு வந்த மனசு இதற்கு வரவில்லையாம்! இன்று அது ஒருவர் கண்ணில் பட்டாலும் வேலை போகும். வேலையோடு நிற்கவும் நிற்காது.

மறைத்த ஸ்லைடுகளையும் அச்சிடு என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கும் என்று பார்த்தாள். இல்லை. ஸ்லைடையே அழித்துவிட்டு மீண்டும் அச்சிட்டாள். அந்தப் படம் மறுபடியும் வந்தது. இந்த முறை ஒவ்வொரு தாளிலும் பக்கத்துக் கோடுகளின் மேல் வரிசையாக நான்கு கறைகள், கீழே தள்ளி ஒன்று.

பிரிண்டர் மெக்கானிக்குக்கு போன் போட்டாள்.

"அண்ணே, அழிச்ச ஸ்லைடு திரும்பத் திரும்ப வருதுண்ணே. கறை வேற."

"பழசு மெமரில நிக்கும்மா. பிளக்கைப் பிடுங்கிட்டு மாட்டு. கறை டிரம்ல இருக்கும். ஸ்கேல் வச்சு அளந்து பாரு, ஒரே இடைவெளியில வந்தா டிரம் போச்சு."

"ஒரே இடைவெளியில வரலன்னா?"

"வராம எங்க போகும்? உருளைதானே, சுத்தித்தானே ஆகணும்," என்று சிரித்துவிட்டு வைத்தார்.

அளந்தாள். முதல் தாளில் கறைக்கும் தாளின் விளிம்புக்கும் ஒன்பது சென்டிமீட்டர். அடுத்த தாளில் ஏழு. அதற்கடுத்ததில் நான்கு. விளிம்பை நெருங்க நெருங்கக் கறை தெளிந்தது. கடைசித் தாளில் விரல் ரேகை எண்ணலாம் போலிருந்தது. தொட்டாள். பிசுபிசுத்தது. மை இல்லை. கிரீஸ்.

பிரிண்டர் தானாகவே அடுத்த தாளைத் துப்ப ஆரம்பித்தது. பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். பிரிண்டர் அடங்கியது. பாதி வெளியே வந்த தாள் ஒன்று வாயிலேயே நின்றது. அதிலும் அந்தப் படம்.

மூடியைத் திறந்து தாளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கொஞ்சம் வந்தது. பிறகு, நிதானமாக, உள்ளே போனது.

ஓடிவிடலாம். ஆனால் அந்தத் தாளை அங்கே விட்டுவிட்டு எப்படி ஓடுவாள்?

கையை உள்ளே விட்டாள்.

சூடாக இருக்க வேண்டிய இடம் ஜில்லென்றிருந்தது. மணிக்கட்டு போனது. முழங்கை போனது. அந்தப் பெட்டியின் ஆழமே ஒன்றரைச் சாண்தான்.

விரல்களுக்கு இடையில் விரல்கள் வந்து கோத்துக்கொண்டன.

கத்தினாள். சத்தம் எழவில்லை. ஒன்பது மணிக்குப் படியில் செருப்புச் சத்தம். பேச்சு. சிரிப்பு. மின்சாரம் இல்லாத பிரிண்டர் ஓடத் தொடங்கியது. தட்டில் ஒரு தாள் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. வந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போனார்கள். சிரிப்பு நின்றது.

நாற்பது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. கையிலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தோள் பிரிண்டருக்குள் போய்க்கொண்டிருந்தது.