கணிப்பு: அமைதி

பதினெட்டு நாள் விடுப்பு முடிந்து, அன்று காலை அவள் சூரிய ஆய்வு நிலையத்தின் பழைய கேட்டைத் தள்ளிக்கொண்டு வேலைக்கு வந்தாள். ஆறு வயது மகளைப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டிருந்தாள்.

சூரியனில் கரும்புள்ளிகளை எண்ண வேண்டும். பூமியின் காந்தம் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். மதியத்துக்குள் அன்றைய கணிப்பை அனுப்ப வேண்டும். சூரியன் சீறினால் கடலில் வயர்லெஸ் செத்துவிடும் என்பதால், படகுக்காரர்கள் அவள் சொல்லுக்காகக் காத்திருப்பார்கள். அவள் கணவரும் படகோட்டிதான்.

விடுப்புக்கு முந்தைய அந்த நாள் ஒரே மேகமூட்டம். சூரியன் தெரியவில்லை. ஒரே நாளில் என்ன மாறிவிடப் போகிறது என்று முந்தைய நாளின் 'அமைதி'யையே எழுதி அனுப்பிவிட்டாள். சோம்பல் வந்தால் அங்கே எல்லோரும் செய்வதுதான். மூன்று மணிக்குச் சூரியன் வெடித்தது. இன்ஜின் பழுதாகி நின்ற படகிலிருந்து கணவர் கத்திய கத்தல் கரையில் ஒருவர் காதிலும் விழவில்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

இப்போது அவள் உள்ளே நுழைந்தபோது டெக்னீஷியன் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தான். காந்தக் கருவியின் முள் தாளில் வரையும் கோட்டை நாளெல்லாம் முறைப்பதால் அவனுக்குக் 'கோடு' என்றே பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, தினமும் பதினொன்றரைக்கு யாரோ இரும்போட காந்தக் குடில் பக்கம் வர்றாங்க. ஒளிஞ்சிருந்து பாத்துட்டேன். ஈ, காக்கா இல்ல."

தோட்டத்துக்கு அப்பால் இருக்கும் அந்தக் கல் அறையில்தான் கருவி இருக்கிறது. சாவி, பெல்ட், ஹேர்பின் எதுவும் ஆகாது. இரும்பு நெருங்கினால் இங்கே முள் துள்ளிவிடும்.

தாளைப் பார்த்தாள். கோட்டில் ரம்பம் போல ஒரு பெரிய பல், ஒரு சின்னப் பல். மறுபடி பெரியது, சின்னது.

நொண்டுகிற நடை.

அவள் கணவருடைய வலது காலில் எலும்போடு சேர்த்து இரும்புத் தகடு வைத்திருந்தார்கள்.

"பல்லு நாளுக்கு நாள் பெருசாகுதுக்கா. கிட்ட வருது."

ஹேர்பின்னைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவள் குடிலுக்குப் போனாள். பயம் ஒரு பக்கம். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட மாட்டோமா என்ற ஆசை ஒரு பக்கம்.

பதினொன்றரை. நல்ல வெயில் நேரத்தில் சுவர் சில்லிட்டது. டீசல் வாடை. அதோடு அழுகிய கடல்பாசியின் நாற்றம்.

டக்... சரக்.

டக்... சரக்.

"மன்னிச்சிடுங்க," என்று கிசுகிசுத்தாள்.

கழுத்தில் ஈரமான மூச்சு பட்டது. பிறகு காலடி மெல்ல விலகிப் போனது.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். "சின்னதாகிட்டே போய் நின்னுடுச்சுக்கா," என்றான் கோடு. முள் நேர்கோடு போட்டுக்கொண்டிருந்தது. மன்னித்துவிட்டார், போய்விட்டார் என்று விம்மி விம்மி அழுதாள். முள் தூரத்தைத்தான் சொல்லும், எந்தத் திசை என்று சொல்லாது. அவளுக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் நிம்மதியில், சூரியனை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், 'அமைதி' என்று எழுதி அனுப்பினாள்.

ஃபோன் அடித்தது.

"அம்மா, அப்பா வந்திருக்காரு. ஒடம்பெல்லாம் ஈரம். என்னைப் படகுல கூட்டிட்டுப் போறாராம்."

"அவர்கூடப் போகாதடி! அக்கா எங்க?"

"அக்கா எந்திரிக்க மாட்டேங்குதும்மா. இன்னைக்கு அமைதிதானேன்னு அப்பா உன்கிட்ட கேக்கச் சொன்னாரு."

சூரியன் மறுபடி சீறியதுபோல் ஃபோனில் இரைச்சல் பொங்கியது. வேண்டாம், வேண்டாம் என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

அந்தப் பக்கம் அது யார் காதிலும் விழவில்லை.